நாய்க்கடியும் ரேபிஸ் நோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடுப்பூசி அறையில் பணியாற்றும் எனக்கு, விலங்குக் கடியோடு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. காயத்தைக் கழுவாமல் வருகிறவர்களும், நாய் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு நான்கு நாள் கழித்து வருகிறவர்களும் அலட்சியத்தால் அப்படிச் செய்வதில்லை; யாரோ உறுதியாகச் சொன்ன தவறான தகவலை நம்பியே செய்கிறார்கள். அந்த ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன். மருத்துவர் சொல்லவேண்டியதை இந்தப் பக்கம் சொல்லிவிட முடியாது. அவரிடம் எவ்வளவு விரைவாகப் போகவேண்டும், போவதற்கு முன் என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

ரேபிஸ் என்பது என்ன நோய்? நாய் கடித்தாலே வந்துவிடுமா?

வெறிநோய் என்று சொல்லப்படும் ரேபிஸ், மூளையையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும் வைரஸ் நோய். நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் இருக்கும் வைரஸ், கடித்த காயத்தின் வழியாகவோ, உமிழ்நீர் பட்ட புண், கண், வாய் ஆகியவற்றின் வழியாகவோ உடலுக்குள் நுழைகிறது. நுழைந்தபின் அது காயத்தை ஒட்டிய நரம்பைப் பற்றிக்கொண்டு, அதன் வழியே மெல்ல மெல்ல முதுகுத்தண்டுக்கும் அங்கிருந்து மூளைக்கும் ஏறுகிறது. மூளையில் பெருகியபின் மறுபடியும் நரம்புகளின் வழியே இறங்கி உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடைகிறது. அடுத்த உயிரைக் கடிக்கும்போது நோய் தொற்றுவது அதனால்தான்.

கடிக்கிற எல்லா நாய்களுக்கும் ரேபிஸ் இருப்பதில்லை. ஆனால் எதற்கு இருக்கிறது என்பதைக் கடித்த நேரத்தில் கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்த நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்கிறவர்கள்; பத்தில் நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு வரை நாய்களாலேயே வருகிறது என்பதால், இங்கே நாயைப் பற்றியே அதிகம் எழுதவேண்டியிருக்கிறது.

இப்போது உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஏதாவது அறிகுறி தெரிந்தால் அப்போது ஊசி போட்டுக்கொள்ளக் கூடாதா?

கூடாது. அறிகுறி தெரிகிறது என்றால் வைரஸ் மூளையை அடைந்துவிட்டது என்று பொருள். அதன்பின் தடுப்பூசியால் பயன் இல்லை. பழைய கடித் தழும்பில் அரிப்பு, எரிச்சல், மரமரப்பு ஆகியவற்றோடும் காய்ச்சலோடும் தொடங்கும் நோய், தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகுதல், முகத்தில் காற்று பட்டாலே துடித்தல், மனக்குழப்பம் என்று சில நாள்களில் முற்றிவிடும். இந்தக் கடுமையான அறிகுறிகள் எதுவும் இல்லாமல், கடிபட்ட இடத்திலிருந்து தொடங்கிக் கை கால்கள் செயலிழந்து இறப்பவர்களும் ஐந்தில் ஒருவர் அளவுக்கு இருக்கிறார்கள். 2004இல் அமெரிக்காவில் வௌவால் கடித்த 15 வயதுச் சிறுமி ஒருத்தி, தடுப்பூசி போடாமல் நோய் வந்தபின்னும் பிழைத்தாள். அவளுக்குச் செய்த சிகிச்சையைப் பின்னர் பலருக்குச் செய்தும் நம்பத்தகுந்த பலன் கிடைக்கவில்லை.

ஆனால் இந்த நோய் ஒரு வகையில் நமக்கு அவகாசம் தருகிறது. கடித்த நாளிலிருந்து அறிகுறி தோன்றப் பெரும்பாலும் 2 முதல் 3 மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வரலாம், சிலருக்கு ஓராண்டு கழித்தும் வரலாம். முகம், தலை, கழுத்து, கைவிரல் போன்ற, மூளைக்கு அருகிலுள்ள அல்லது நரம்புகள் மிகுந்த இடங்களில் கடித்தால் அவகாசம் குறையும். வைரஸ் நரம்புக்குள் நுழைவதற்கு முன் அதை அழித்துவிடுவதே சிகிச்சையின் நோக்கம்.

கடித்தவுடன் மருத்துவமனைக்கு ஓடவேண்டுமா, வேறு ஏதாவது செய்யவேண்டுமா?

முதலில் தண்ணீர்க் குழாய்க்குப் போங்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், 15 நிமிடம் காயத்தைக் கழுவவேண்டும். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அந்த உறையைக் கரைத்து வைரஸைச் செயலிழக்கச் செய்கிறது. ஓடும் தண்ணீர் மீதியை அடித்துச் செல்கிறது. இதற்கு மருந்துச் சோப்புத் தேவையில்லை, துணி துவைக்கும் சோப்பும் போதும். கழுவி முடித்தபின் போவிடோன் அயோடின் அல்லது வேறு கிருமிநாசினி இருந்தால் தடவிக்கொண்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும்.

15 நிமிடம் என்று நான் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள்; ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக் கழுவியவர்கள் மிகக் குறைவு. இதுவரை கழுவாமல் வந்தவர்களை எங்கள் குழாயடியில் நிறுத்தி நானே கழுவிவிடுவதுண்டு. முதல் இரண்டு நிமிடத்தில் இரத்தமும் மண்ணும் போய்த் தோல் வெளுத்துவிடும், போதுமே என்று கையை இழுப்பார்கள். நான்காவது நிமிடத்தில்தான், இரண்டு விரல்களுக்கு நடுவே யாரும் கவனிக்காத இன்னொரு பல் குறி தெரியும். பல் குத்திய துளை மேலே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும் என்பதால், அதன் வாயை மூடாமல் தண்ணீர் உள்ளே போகும்படி காட்டவேண்டும். கழுவாமல் பல மணி நேரம் ஆகிவிட்டாலும் கழுவுங்கள், பயன் உண்டு.

மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, எண்ணெய், இலைச்சாறு இவற்றில் ஏதாவது வைத்தால் விஷம் இறங்கும் என்கிறார்களே?

ரேபிஸ் விஷம் அன்று, இறங்குவதற்கு. அது உயிருள்ள உடலில் பெருகும் வைரஸ். எரிச்சலூட்டும் பொருள் எதை வைத்தாலும் தசை புண்படும். வைரஸ் இன்னும் ஆழமாகப் போகவும் நரம்பைத் தொடவும் அது வழி செய்துவிடும். காயத்தைச் சுட்டுப் பொசுக்குவதும் அப்படித்தான். ஏற்கனவே எதையாவது வைத்துவிட்டீர்கள் என்றால், அதை முழுவதும் சோப்புத் தண்ணீரில் கழுவி எடுத்துவிட்டு வாருங்கள். என்ன வைத்தீர்கள் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

காயத்தை இறுகக் கட்டுவதையும் தவிர்க்கவேண்டும். தையல் போடுவதையும் மருத்துவர்கள் இயன்றவரை தள்ளிப்போடுவார்கள். கிழிந்த முகம் போன்ற இடங்களில் தையல் தவிர்க்க முடியாதபோது, காயத்துக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற, ஆயத்தமாக உள்ள எதிர்ப்புப் பொருளைச் செலுத்தியபின் தளர்வாகப் போடுவார்கள்.

கடிக்கவே இல்லை, நகம்தான் பட்டது, ரத்தமும் வரவில்லை. இதற்குமா ஊசி?

ஆம், இதற்கும் ஊசி. நாய் தன் பாதத்தை நக்குகிறது, அந்த நகத்தில் உமிழ்நீர் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் விலங்குத் தொடர்பை மூன்று வகையாகப் பிரிக்கிறது. விலங்கைத் தொடுவது, உணவூட்டுவது, காயமில்லாத தோலில் அது நக்குவது ஆகியவை முதல் வகை, கழுவினால் போதும். தோலை மெல்லக் கவ்வுவதும் இரத்தம் வராத சிறு கீறலும் இரண்டாம் வகை. கழுவுவதோடு தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்த கடி அல்லது கீறல், வெட்டுக்காயம் அல்லது புண்ணின் மேல் நக்குவது, கண்ணிலோ வாயிலோ உமிழ்நீர் தெறிப்பது ஆகியவை மூன்றாம் வகை; கழுவுதல், தடுப்பூசி, இம்யூனோகுளோபுலின் மூன்றும் வேண்டும்.

இறந்துபோனவர்களின் கதைகளைக் கேட்கும்போது எனக்கு மிகவும் வேதனை தருவது, அவற்றில் எத்தனையோ கதைகள் ‘சின்னக் கீறல்தான்’ என்ற சொல்லோடு தொடங்குவதுதான். பெரிய காயம் பட்டவரை வீட்டார் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். சிறிய காயம் பட்டவர் வருவதில்லை.

கால்சட்டைக்கு மேல்தான் கவ்வியது, துணி கிழியவில்லை. பயம் வேண்டாம் அல்லவா?

துணி கிழியாமலே பல் அழுத்தித் தோல் உரிந்திருக்கலாம், துணியை நனைத்த உமிழ்நீர் அந்த உரசலில் பட்டிருக்கலாம். துணியைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் தோலைப் பாருங்கள். தோலில் கீறலோ பல் பதிந்த தடமோ இருந்தால் முந்திய விடையில் சொன்னபடி அது இரண்டாம் வகை. துளை விழுந்திருந்தால் மூன்றாம் வகை. எதுவுமே இல்லை என்றால் கழுவிக்கொண்டால் போதும். உறுதியாகத் தெரியவில்லை என்றால் மருத்துவர் பார்க்கட்டும்.

தொப்புளைச் சுற்றிப் 14 ஊசி போடுவார்களாமே?

அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரித்த பழைய தடுப்பூசியை அப்படி வயிற்றில் பல நாள் தொடர்ந்து போட்டார்கள். வலியும் மிகுதி, நரம்பு மண்டலத்தில் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பும் இருந்தது. அந்த வலியின் நினைவு குடும்பங்களில் தலைமுறை தாண்டியும் தங்கியிருக்கிறது. அதற்குப் பயந்து கடியை மறைக்கும் பெரியவர்களை இன்றும் பார்க்கிறேன்.

இன்று உயிரணு வளர்ப்பில் தயாராகும் தடுப்பூசியை மேற்கையில் போடுகிறோம். சிறு குழந்தைகளுக்குத் தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில் போடுகிறோம். இடுப்புக்குக் கீழே பிட்டத்தில் போடக் கூடாது, அங்குள்ள கொழுப்பால் ஊசியின் பலன் குறையும். தசையில் போடும் முறையில் 3 முதல் 5 நாள்கள், தோலுக்குள் போடும் முறையில் 3 அல்லது 4 நாள்கள் வரவேண்டியிருக்கும். முதல் ஊசி போடும் நாளை 0 என்று குறித்து, 3ஆம் நாள், 7ஆம் நாள் என்று எண்ணுவோம். எந்த முறை என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். உங்களுக்கு எழுதித் தரும் அட்டையில் உள்ள தேதிகளே உங்களுக்கு உரியவை.

தடுப்பூசி போட்டாயிற்று. அப்புறம் எதற்குக் காயத்துக்குள்ளேயே இன்னொரு ஊசி?

தடுப்பூசி நம் உடலுக்கு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கக் கற்றுக்கொடுக்கிறது. உடல் கற்றுக்கொள்ள ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் வைரஸ் காயத்தில் சும்மா இருப்பதில்லை. இம்யூனோகுளோபுலின் என்பது ஆயத்தமாக உள்ள எதிர்ப்புப் பொருள். அதைக் காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் செலுத்தும்போது, அங்கேயே வைரஸைப் பிடித்து முடக்கிவிடுகிறது. உடல் எடையைக் கணக்கிட்டு அளவு நிர்ணயிக்கப்படும். முதல் தடுப்பூசியோடு சேர்த்துப் போடவேண்டியது இது. அன்று கிடைக்காவிட்டால் 7 நாளுக்குள் போடலாம், அதற்குப்பின் போடுவதில்லை.

விரல் நுனியில் போடும்போது கடுமையாக வலிக்கும், அதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் வலிக்கும் என்பதற்காகக் காயத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் போடச் சொல்லாதீர்கள். வைரஸ் இருக்கும் இடத்தில் மருந்து இருக்கவேண்டும். பல இடத்தில் கடித்திருந்தால் ஒவ்வொரு காயத்துக்கும் மருந்து போய்ச் சேரவேண்டும் என்பதால், எல்லாக் காயங்களையும் ஒன்று விடாமல் காட்டுங்கள்.

ஒரு ஊசிக்குப் போக முடியவில்லை, இரண்டு நாள் தள்ளிப்போய்விட்டது. மறுபடியும் முதலிலிருந்தா?

பொதுவாக முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நினைவு வந்த அன்றைக்கே போங்கள், அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வலி போய்விட்டது, காயம் ஆறிவிட்டது என்று, அட்டையில் உள்ள ஊசிகள் முடியும் முன்பே நிறுத்திக்கொள்வது மிகத் தவறு. தோல் ஆறுவதற்கும் வைரஸ் அழிவதற்கும் தொடர்பே இல்லை.

ஊசி போடும் காலத்தில் பத்தியம் உண்டா? குளிக்கலாமா?

உணவில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை, குளிக்கலாம், வேலைக்குப் போகலாம். ஊசி போட்ட இடத்தில் வலி, சிவப்பு, லேசான காய்ச்சல், உடல்வலி ஆகியவை வந்து தாமாகவே போகும். வேறு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், குறிப்பாக நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், முதல் நாளே அதைச் சொல்லிவிடவேண்டும். அவர்களுக்கு இரத்தம் வராத கீறலுக்கும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படலாம்.

கர்ப்பமாக இருக்கிறேன். குழந்தைக்கு ஆபத்து என்று வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இந்தத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் பாதுகாப்பானவை. ஊசியில் உள்ள வைரஸ் செயலிழக்கச் செய்யப்பட்டது. அது நோய் உண்டாக்காது. ஊசி போடாமல் விடுவதுதான் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. வீட்டார் தயங்கினால் அவர்களையும் கூடவே அழைத்து வாருங்கள், நேரில் சொல்லிப் புரியவைப்பது எங்கள் பொறுப்பு.

கடித்த நாயை 10 நாள் பார்த்துவிட்டு, அதற்கு ஏதாவது ஆனால் ஊசி போட்டுக்கொண்டால் போதாதா?

இந்தப் பக்கத்தை எழுத என்னைத் தூண்டியதே இந்தக் கேள்விதான். 10 நாள் கணக்கு உண்மையானது. ஆனால் அது சொல்லும் செய்தி வேறு. ரேபிஸ் வந்த நாயின் உமிழ்நீரில், அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்னரே வைரஸ் வந்துவிடும். அறிகுறி தொடங்கியபின் நாய் விரைவில் இறந்துவிடும். ஆகவே கடித்த நாளிலிருந்து 10 நாள் ஒரு நாய் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் உமிழ்நீரில் வைரஸ் இல்லை என்று பின்னோக்கிச் சொல்லலாம்.

அந்த 10 நாளும் நீங்கள் ஊசி போட்டுக்கொண்டே கவனிக்கவேண்டும். 10 நாளுக்குப் பிறகும் நாய் நலமாக இருப்பது உறுதியானால், மீதி ஊசியை நிறுத்தலாமா என்பதை மருத்துவர் முடிவுசெய்வார். போட்ட ஊசியும் வீண்போகாது, அடுத்த முறைக்கு உதவும். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் பொருந்தும். குரங்கு, நரி, கீரி போன்ற மற்ற விலங்குகளுக்கு இதைக் கொண்டுபோகக் கூடாது. நாய் ஓடிவிட்டது, இடையில் காணவில்லை, இறந்துவிட்டது என்றால் ரேபிஸ் இருந்ததாகவே கருதி எல்லா ஊசியையும் முடிக்கவேண்டும். இறந்த நாயை வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தால், அதன் மூளையைச் சோதித்து நோயை உறுதிசெய்ய வழியுண்டு.

அந்த நாய் நன்றாகத் தண்ணீர் குடிக்கிறதே. வெறிபிடித்திருந்தால் தண்ணீரைக் கண்டு ஓடாதா?

தண்ணீரைக் கண்டு அஞ்சுவது நோயுற்ற மனிதருக்கு வரும் அறிகுறி. நோயுற்ற நாய் தண்ணீரை நோக்கிப் போகும், குடிக்க முயலும். தொண்டைத் தசை செயலிழப்பதால் விழுங்க முடியாமல் திணறும். நோயின் தொடக்கத்தில் அது வழக்கம்போலக் குடிக்கவும் செய்யும். ஆகவே தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துச் சோதிப்பதால் எதுவும் தெரியாது.

கவனிக்கவேண்டியது இயல்பு மாற்றத்தை. சாதுவான நாய் காரணமின்றிக் கடிப்பது, மண்ணையும் கட்டையையும் கவ்வுவது, குரைக்கும் குரல் மாறுவது, நோக்கமின்றி ஓடுவது ஆகியவை வெறிவகையின் அறிகுறிகள். இன்னொரு வகை உண்டு: நாய் இருட்டில் ஒதுங்கிக்கிடக்கும், தாடை தொங்கும், எச்சில் வடியும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று இரக்கப்பட்டு வாய்க்குள் கைவிட்டவர்கள் பலர். தாடை தொங்கும் நாயின் வாய்க்குள் ஒருபோதும் கைவிடாதீர்கள்.

எங்கள் நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போடுகிறோம். அது கடித்தாலும் ஊசி வேண்டுமா?

காயத்தைக் கழுவிவிட்டு, நாயின் தடுப்பூசி அட்டையோடு மருத்துவரிடம் போங்கள். ஊசியை உரிய நாளில் கால்நடை மருத்துவர் போட்டிருக்கிறார், நாய் வெளியே அலைவதில்லை, கடித்ததற்குத் தெளிவான காரணம் இருக்கிறது, நாயைக் கண்காணிக்க முடியும் என்பவற்றையெல்லாம் பார்த்து அவர் முடிவுசெய்வார். நீங்களாக ‘வீட்டு நாய்தானே’ என்று முடிவுசெய்யக் கூடாது என்பதே என் வேண்டுகோள். குளிர்ச்சியில் வைக்கப்படாத ஊசி, விட்டுப்போன தவணை, நாயின் உடல்நிலை என்று எத்தனையோ காரணங்களால் ஊசி பலிக்காமல் போகலாம்.

குட்டி நாய் என்பதும் காப்பு ஆகாது. குட்டிகளுக்கும் ரேபிஸ் வரும். பால்பல்லின் கீறல் ஊசிமுனைபோல மெல்லியது, பார்க்க ஒன்றுமே தெரியாது. தெருவில் கண்டெடுத்த குட்டி இரண்டு நாளில் இறந்துபோனது என்றால், அதைத் தூக்கிக் கொஞ்சிய எல்லோரும், முக்கியமாகக் குழந்தைகள், மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

பூனை, குரங்கு, எலி, வௌவால் இவை கடித்தால்?

பாலூட்டி எதுவாக இருந்தாலும் ரேபிஸ் வரலாம். பறவை, பாம்பு, பல்லி, மீன் ஆகியவற்றால் வராது. பூனைக்கடிக்கு நாய்க்கடிக்குச் செய்யும் அனைத்தும் செய்யவேண்டும். குரங்கு, நரி, கீரி, ஓநாய் போன்றவை கடித்தால் காத்திருப்பு என்ற பேச்சே இல்லை. எலி, சுண்டெலி, அணில், முயல் ஆகியவற்றால் மனிதருக்கு ரேபிஸ் வருவது மிகமிக அரிது. கழுவிவிட்டு, வேறு தொற்றுக்காக மருத்துவரைப் பார்த்தால் பெரும்பாலும் போதும்.

வௌவாலின் பல் மிகச் சிறியது, கடித்த தடமே தெரியாமல் போகும். உறங்கியவரின் அறையிலோ குழந்தையின் அருகிலோ வௌவால் கிடந்தால், காயம் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பிரிவில் வௌவால் தொடர்பு மூன்றாம் வகை.

நாய் துரத்தினால் ஓடாமல் எப்படி இருப்பது?

கடினம்தான், ஆனாலும் ஓடக் கூடாது. ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு, ஓட்டத்தில் அதை வெல்ல நம்மால் முடியாது. அசையாமல் நில்லுங்கள், கைகளை உடலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதன் கண்ணை நேராகப் பார்க்காமல் தரையைப் பாருங்கள், கத்தாதீர்கள். பெரும்பாலும் அது முகர்ந்துவிட்டுப் போய்விடும். போகத் தொடங்கியதும் முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். மிதிவண்டியில் போகிறீர்கள் என்றால் இறங்கி, வண்டியை இருவருக்கும் நடுவில் நிறுத்துங்கள். பாய்ந்துவிட்டால் பை, குடை, செருப்பு என்று கையில் இருப்பதை அதன் வாய்க்குக் கொடுங்கள். கீழே விழுந்துவிட்டால் உடலைச் சுருட்டி, கைகளால் காதையும் கழுத்தையும் மூடி, கல்லைப்போல் கிடக்கவேண்டும்.

வாலை ஆட்டுகிற நாய் கடிக்காது என்று குழந்தைக்குச் சொல்லியிருக்கிறேன், சரிதானே?

வால் ஆடுவது நாய் கிளர்ச்சியோடு இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும், அன்பு என்று கொள்ள முடியாது. உடல் தளர்ந்து, வால் அகலமாக ஆடினால் நட்பு. வால் விறைத்து உயர்ந்து, நுனி மட்டும் துடித்தால் எச்சரிக்கை. உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உடல் உறைந்து நிற்பது ஆகியவை ‘என்னை விடு’ என்று நாய் சொல்லும் சொற்கள். உறுமல் இவற்றுக்குப் பிறகுதான் வரும்.

குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்த நாய்தான். தின்றுகொண்டிருக்கும் நாய், உறங்கும் நாய், குட்டிபோட்ட நாய், கட்டிப்போட்ட நாய் ஆகியவற்றின் அருகே போகக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். கட்டிப்பிடிப்பதும் முகத்தோடு முகம் வைப்பதும் குழந்தைக்கு அன்பு, நாய்க்கு நெருக்கடி. சிறு குழந்தையையும் நாயையும், எவ்வளவு பழகிய நாயானாலும், பெரியவர் இல்லாமல் தனியே விடாதீர்கள்.

வீட்டைவிட்டே வெளியே போகாத பூனைக்கும் நாய்க்கும் எதற்கு ரேபிஸ் ஊசி?

கதவு ஒரு நாள் திறந்துகிடக்கும், வௌவால் ஒரு நாள் உள்ளே வரும். பொதுவாகக் குட்டிக்கு மூன்று மாதம் ஆகும்போது முதல் ஊசி, ஓராண்டில் மறு ஊசி, பின்னர் ஊசியின் வகைப்படி ஆண்டுக்கு ஒரு முறையோ மூன்றாண்டுக்கு ஒரு முறையோ போடவேண்டும். அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நாய்க்குப் போடும் மற்ற நோய்களுக்கான ஊசியை ரேபிஸ் ஊசி என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அட்டையில் ரேபிஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் நாயை அறியாத நாய் கடித்துவிட்டால், கையுறையோடு அதன் காயத்தையும் அதே 15 நிமிடம் கழுவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஏற்கனவே ஊசி போட்ட நாய்க்கும் உடனே மறு ஊசி தேவை. ஊசி போடாத நாய் என்றால் நீண்ட நாள் தனிமைப்படுத்திக் கவனிக்கவேண்டிவரும்; 10 நாள் கணக்கு இங்கே பொருந்தாது, ஏனென்றால் இப்போது கடிபட்ட விலங்கு உங்கள் நாய்.

தெருநாய்களையெல்லாம் கொன்றுவிட்டால் நோய் ஒழிந்துவிடாதா?

கடிபட்ட குழந்தையின் தந்தை இதைக் கேட்கும்போது அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கொல்வதால் நோய் குறைந்ததில்லை. ஓரிடத்தில் நாய்கள் அகற்றப்பட்டால் வேறிடத்து நாய்கள் அங்கே வந்து சேரும். கொல்லப்பட்டவற்றில் ஊசி போட்ட நாய்களும் இருந்தால் இருந்த காப்பும் போய்விடும். நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் அவற்றிடையே நோய் பரவுவது அறுந்துவிடுகிறது. மெக்சிகோ அப்படிப் பல ஆண்டுகள் நாய்களுக்கு ஊசி போட்டு, நாய்வழி ரேபிஸால் மனிதர் இறப்பதை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றது. கருத்தடை செய்வது நாய்களின் எண்ணிக்கையைக் குறைக்கும்; குட்டிகளைக் காக்கக் கடிக்கும் தாய் நாய்களும் குறையும். குப்பையைத் திறந்து போடாமலிருப்பதும் இதன் ஒரு பகுதி.

முன்பு ஒருமுறை எல்லா ஊசியும் போட்டேன். இப்போது மறுபடியும் கடித்துவிட்டது.

கழுவுவதில் மாற்றமில்லை. முன்பு முழுமையாகப் போட்டதற்குச் சான்று இருந்தால் 0, 3 ஆகிய நாள்களில் இரண்டு ஊசி பொதுவாகப் போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. முந்திய ஊசித் தொடர் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்றால் காயத்தைக் கழுவினாலே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அட்டை தொலைந்துவிட்டது, எத்தனை போட்டேன் என்று நினைவில்லை என்றால் புதிதாகக் கடிபட்டவராகவே கருதுவோம். கால்நடை மருத்துவர்கள், நாய் பிடிப்பவர்கள், விலங்குக் காப்பகத்தில் இருப்பவர்கள் ஆகியோர் கடிபடும் முன்பே ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

ரேபிஸ் வந்து இறந்த பசுவின் பாலைக் குடித்துவிட்டோம். எல்லோருக்கும் ஊசி வேண்டுமா?

காய்ச்சிய பால் என்றால் வேண்டாம்; வெப்பத்தில் வைரஸ் அழிந்துவிடும். பச்சைப் பாலால் மனிதருக்கு ரேபிஸ் வந்ததாக உறுதிசெய்யப்பட்ட சான்று இல்லை, எனினும் நோயுற்ற மாட்டின் பாலைக் குடிக்கக் கூடாது. பச்சையாகக் குடித்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். இந்தக் கேள்வியோடு பத்துப் பேர் வரும்போது நான் தேடுவது பதினோராவது ஆளை: மாடு உண்ணாமல் கிடந்தபோது அதன் வாய்க்குள் கைவிட்டு மருந்து புகட்டியவரை. அவர் கையில் ஒரு சிறு வெட்டு இருந்திருந்தால் ஊசி தேவைப்படுவது அவருக்குத்தான்.

கடித்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. பையன் இப்போதுதான் சொல்கிறான். இனிப் போட்டுப் பயன் உண்டா?

உண்டு, இன்றைக்கே அழைத்து வாருங்கள். அறிகுறி தோன்றாதவரை காலம் கடந்துவிட்டது என்ற பேச்சுக்கு இடமில்லை. இன்று கடிபட்டவருக்குச் செய்வதையே அவனுக்கும் செய்வோம், காயம் மூன்றாம் வகை என்றால் இம்யூனோகுளோபுலினும் சேர்த்து.

அப்படி வந்த ஒரு சிறுவன், கோடையிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். கேட்டுக்கேட்டுப் பார்த்தபின் மணிக்கட்டுக்கு மேலே இரண்டு வெளிர்ப் புள்ளிகளைக் காட்டினான். நாய்க்குக் கல்லெறிந்ததற்கு அடிவிழும் என்று பயந்திருக்கிறான். ஊசி எல்லாம் முடிந்து நலமாக இருக்கிறான். அடிக்கமாட்டோம், எந்த விலங்கு தொட்டாலும் அன்றைக்கே வந்து சொல் என்று உங்கள் பிள்ளையிடம் இன்று இரவே சொல்லிவையுங்கள்.